வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் எழுதுவதும் அதைப் புத்தகமாக்குவதும்

எழுத ஆரம்பித்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். நேரம் எப்படிக் கிடைக்கிறது, பதிப்பகத்தை எப்படிப் பிடிப்பது. இரண்டுக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: எழுதுவது ஒரு வேலை, வெளியிடுவது வேறொரு வேலை, இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பாதி நாவலில் நிற்கும்போதே அட்டைப்படம் எப்படி இருக்க வேண்டும், அணிந்துரை யாரிடம் வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தவர்கள் மீதிப் பாதியை எழுதி நான் பார்த்ததில்லை. எழுதி முடித்த பிறகோ நேர்மாறாக நடக்கிறது. கூச்சத்தோடு பதிப்பாளர் முன்னால் நின்று, நீட்டிய காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். எழுதும்போது விற்பனையை மறந்துவிடுங்கள். விற்கும்போது மஞ்சள் மண்டியில் மூட்டையோடு நிற்கும் விவசாயி மாதிரி நில்லுங்கள், அவர் எடையும் விலையும் கேட்காமல் நகர மாட்டார்.

சரி, நேரம். காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதச் சொல்லும் அறிவுரை நம் கொங்குப் பக்கம் பாதிப் பேருக்கு உதவாது. நூல் மில்லில் வாராவாரம் ஷிப்ட் மாறும், திருப்பூரில் ஆர்டர் அவசரம் என்றால் ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்று தெரியாது, தோட்டத்துக்காரருக்குக் கரண்ட் வரும் நேரம்தான் தண்ணீர் கட்டும் நேரம். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு அன்றாடம் தவறாமல் நடக்கும் ஏதாவது ஒன்றோடு எழுத்தைக் கட்டுங்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் குளிப்பதற்கு முன்னால், பையனை டியூஷனில் விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, தறியில் பாவு நூல் தீர்ந்து அடுத்த பாவு பிணைக்க ஆள் வரும்வரை. 300 சொல் போதும். 120 நாள் அப்படி எழுதினால் 36,000 சொல், டெமி என்னும் வழக்கமான புத்தக அளவில் ஏறக்குறைய 200 பக்கம், ஒரு நாவலுக்கு அது தாராளம். போனிலேயே எழுதலாம், தப்பே இல்லை. குரலில் சொல்லி டைப் செய்கிறவர்கள் மட்டும் உரையாடல் வரும் இடத்தைக் கையால் அடித்துவிடுங்கள், ஏனென்றால் நாம் பேசும் சொல்லை அது பாடப்புத்தகச் சொல்லாக மாற்றிவிடும், அவசரத்தில் நாமும் கவனிக்க மாட்டோம்.

எழுத ஒன்றும் தோன்றவில்லை என்பார்கள். தோன்றுவதற்காகக் காத்திருக்க வேண்டாம், கேட்க ஆரம்பியுங்கள். பெருந்துறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆத்தா ஒருத்தர், மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், நடுவில் “அவ நல்லவதான், எங்கிட்டத்தான் பேசறதில்ல” என்று சொன்னார். ஒரு சிறுகதைக்கு அது போதும். அன்றைக்கே குறித்து வைக்க வேண்டும், ராத்திரி ஆனால் சொல் வரிசை மாறிவிடும், வரிசை மாறினால் அந்த ஆத்தா அதில் இருக்க மாட்டார்.

வட்டார வழக்கை எழுதுவதில்தான் புதியவர்கள் அதிகம் திணறுகிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் உடைத்து எழுதினால் கொங்கு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வாசிப்பவருக்கு மூச்சு முட்டும், அவ்வளவுதான். நம் பேச்சின் உயிர் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பேரனைக்கூட “வாங் கண்ணு, சோறு உண்டீங்ளா” என்று கேட்கும் அமுச்சிகள் இருக்கும் ஊர் இது. அந்த மரியாதை எந்த இடத்தில் உதிர்கிறது என்று பாருங்கள். பங்காளிகள் இரண்டு பேர் பொழியில், அதாவது இரண்டு நிலத்துக்கும் நடுவிலுள்ள வரப்பில், நின்று பேசுகிறார்கள்.

“ஏனுங்ணா, பொழியக் கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்லுங்.”
“பாத்துத்தான் ஓட்டறான்.”
“டிராக்டரு எங்க கடலைக்குள்ள வந்திருக்குதுங்.”
“வந்தா என்ன இப்ப?”
“வந்தா என்னவா? இந்தா, நீயே வந்து பாரு.”

‘அவன் கோபமடைந்தான்’ என்று தனியாக ஒரு வரி இதற்குத் தேவையே இல்லை. மூன்றாவது வரி வரைக்கும் தம்பி மரியாதை தருகிறான், அண்ணன் சொன்ன பதிலில் அது முறிகிறது. உரையாடலைத் திருத்தும்போது இந்த ஒன்றை மட்டும் கவனித்தாலே பக்கத்துக்குப் பத்து வரி குறையும். கதை சொல்லும் பகுதியை எளிய எழுத்துத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுத்தரை (மாடு கட்டும் இடம்), சாளை (தோட்டத்து வீடு), ஒடக்கா (ஓணான்) மாதிரிச் சொற்கள் தேவைப்படும் இடத்தில் தானாக வந்து உட்காரும். பெரிய சம்பவம் இல்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். 1942இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ படித்துப் பாருங்கள், புருஷனை இழந்த ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அந்த ஒரு கேள்விதான் நாவலையே இழுத்துக்கொண்டு போகிறது. அதே கேள்வி நம் தாலுகா ஆபீஸ் வாசலில் இன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

முடித்ததும் ஒரு மாதம் அதைத் தொடாதீர்கள். அப்புறம் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் நிறையப் படிக்கிறவர், இன்னொருவர் கதையில் வரும் தொழிலைச் செய்கிறவர். இரண்டாமவர் எனக்கு முக்கியம். தறியில் நீளவாக்கில் ஓட வேண்டிய பாவு நூல் குறுக்கே ஓடுகிறது என்று எழுதிவிட்டால் விசைத்தறி ஊரான சோமனூரில் ஒருவரும் அடுத்த பக்கம் திருப்ப மாட்டார்கள். கீழ்பவானி வாய்க்காலில் முதல்போக நெல்லுக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15ஐ ஒட்டித் தண்ணீர் விடுவார்கள், உங்கள் கதையில் அது வைகாசியில் கரைபுரண்டு ஓடினால் கோபிசெட்டிபாளையத்துக்காரர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இனி வெளியீடு. யூனிகோடில் அடித்த கோப்பு, ஒரு பக்கச் சுருக்கம், இரண்டு அத்தியாயம், இவை போதும். அனுப்புவதற்கு முன் அந்தப் பதிப்பகம் போட்ட புத்தகங்களில் நாலைந்தையாவது படித்திருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பதிப்பகம், மூன்று மாதம் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த இடம். முன்பெல்லாம் ஒரு பதிப்புக்கு 1000, 1200 படி அச்சிட்டார்கள், இப்போது டிஜிட்டல் அச்சில் 100, 200 கூடப் போடுகிறார்கள், ஆகவே “எத்தனை படி” என்று கேளுங்கள். ராயல்டி, அதாவது எழுதியவருக்கு வரும் பங்கு, வழக்கமாக விலையில் 10 சதவீதம். அச்சுச் செலவை நீங்களே தருவதென்றால் அது சொந்த வெளியீடு, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் அப்போது படிகளும் உரிமையும் முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும். ஐஎஸ்பிஎன் என்னும் புத்தக அடையாள எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, அதற்கென்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் இல்லாமல் கோப்பைக் கொடுக்க வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் பிரிவு 19 எழுதுகிறவர் பக்கம் நன்றாகவே நிற்கிறது. எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை வருஷத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நீங்கள் இருக்கும்வரையிலும் அதற்குப் பின் 60 ஆண்டும் பதிப்புரிமை இருக்கிறது, பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகக்கூடிய சொத்து. அதனால் அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், அச்சை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள், நல்ல பதிப்பாளர் இதற்காக முகம் சுளிக்க மாட்டார்.

மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் படியை, நீங்களே இரண்டு முறை பாருங்கள். யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் உடையும், மேற்கோள் குறிகள் காணாமல் போகும். வட்டாரச் சொற்களைப் பிழை என்று நினைத்து நல்ல மனசோடு திருத்தியும் விடுவார்கள், அமுச்சி அம்மாச்சி ஆகிவிடும். கோப்போடு “இவற்றைத் திருத்த வேண்டாம்” என்று ஒரு சொற்பட்டியல் சேர்த்து அனுப்புவது என் வழக்கம். ஜூலையில் கோவை, ஆகஸ்டில் ஈரோடு என்று புத்தகத் திருவிழாக்கள் வரிசையாக வரும். ஈரோட்டுக்குப் புத்தகம் வர வேண்டுமென்றால் மே மாதம் மெய்ப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில், அந்த நேரத்தில் அச்சகங்கள் நெரிபடும், தப்பும் அப்போதுதான் அதிகம்.

அடுத்த புத்தகத்தை இந்தப் புத்தகம் அச்சுக்குப் போன வாரமே தொடங்கிவிடுங்கள். விமர்சனம் வருகிறதா, யார் படித்தார்கள் என்று நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருப்பதை அது ஒன்றுதான் குறைக்கிறது. எனக்கு இப்போது கையில் இருப்பது கீழ்பவானியின் கடைமடை ஊர் ஒன்றில் நடக்கும் நாவல், தண்ணீர் முறை வைத்துப் பாயும் ராத்திரிகளைப் பற்றியது. கதையை யாரிடமும் சொல்வதில்லை. வாயால் சொல்லி முடித்த கதையை எழுத எனக்குக் கை வராது. களத்தை மட்டும் எல்லோரிடமும் சொல்கிறேன், அப்படிச் சொல்லித்தான் மதகுக் காவலுக்குப் போன பெரியவர்கள் சிலர் கிடைத்தார்கள். அதற்கு அடுத்ததாக விசைத்தறிக் கூலி வேலைக்காரர்கள் பற்றிய சிறுகதைகள், அதற்கு இப்போதைக்குக் குறிப்பேடு மட்டும்தான் திறந்திருக்கிறேன். கடைமடை நாவலின் முதல் வரைவைத் தைப்பொங்கலுக்குள் முடித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அந்தப் பெரியவர்களில் ஒருவருக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டப்போகிறேன்.