வீட்டில் செய்த சிஎன்சிக்குப் பவரும் எர்த்தும்: முதல்முறை வயரிங் செய்பவர்களுக்கு

கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும், செதுக்கும் சிஎன்சி மெஷினுக்கு ஃப்ரேம் கட்டியாச்சு, ஸ்டெப்பர் மோட்டார் மாட்டியாச்சு. காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட் ஏசியை 24 வோல்ட் டிசியாக்கும் பவர் சப்ளை), டிரைவர் (மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்துச் சுற்ற வைக்கும் போர்டு) எல்லாம் வாங்கி வந்தாச்சு. அடுத்து மோட்டாரைச் சுற்ற வைத்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள், எர்த்தை முதலில் முடியுங்கள். மோட்டார் ஸ்டெப் தவறுவது, அச்சின் கடைசியில் இருக்கும் லிமிட் சுவிட்சைத் தொடாமலே லிமிட் அலாரம் அடிப்பது, ஃப்ரேமைத் தொட்டால் சுருக்கென்று பிடிப்பது எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

1. பிளக் பாயிண்ட்

மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 காட்ட வேண்டும். 60, 90 என்று நிலையில்லாமல் ஆடினால் அந்த எர்த் வெறும் ஓட்டைதான், வயர் எங்கேயும் போகவில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட் இருப்பது சகஜம். அயர்ன் பாக்ஸ் போன்ற லோடு ஓடும்போதும் சுத்தமாக 0 காட்டினால், யாரோ பிளக் பாயிண்டுக்குள் நியூட்ரலையே எர்த்தோடு முடிந்திருக்கலாம். இது மிக ஆபத்து. நியூட்ரல் எங்காவது அறுந்தால் உங்கள் மெஷின் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

இந்தச் சோதனை எர்த் இருக்கிறதா என்று சொல்லும், நல்ல எர்த்தா என்று சொல்லாது. அதற்கு எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் வேண்டும். வேலூர்ப் பக்கம் மண்ணுக்கு அடியில் பாறை, அதற்கு மேல் சித்திரை வெயில். எர்த் குழி காய்ந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான், கோடையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் சுவிட்ச்) இல்லையென்றால் சிஎன்சிக்கு முன்னால் அதைப் போடச் சொல்வேன்.

2. எஸ்எம்பிஎஸ்

3 ஆம்பியர் மோட்டார் மூன்று என்றால் கூட்டுத்தொகை 9. அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6 ஆம்பியர் போதும். 24 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் தாராளம். பக்கவாட்டில் 115/230 சுவிட்ச் இருந்தால், ஆன் செய்யும் முன் 230-இல் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள்.

எர்த் டெர்மினலைக் காலியாக விடவே கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் போகும். எர்த் இல்லாவிட்டால் அவற்றின் வழியாகப் பாடியில் கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ், 115 வாக்கில் மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி எறியாது, ஆனால் டெஸ்டர் எரியும், விரல் கூசும்.

எஸ்எம்பிஎஸ், டிரைவர் எல்லாம் இருக்கும் பெட்டியில் காற்றுக்கு வழி விடுங்கள். பல எஸ்எம்பிஎஸ்கள் 50 டிகிரிக்கு மேல் முழு லோடு தாங்காது. மே மாதம், தகர ஷெட்டு, மூடிய பெட்டி என்றால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும்.

3. ஃப்ரேம்

அலுமினிய எக்ஸ்ட்ரூஷனின் மேல் பளபளப்பாக இருக்கும் அனோடைஸ் பூச்சு கரன்டைக் கடத்தாது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. லக் (எர்த் வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்குங்கள். பிளாஸ்டிக் சக்கரத்தில் ஓடும் கேன்ட்ரிக்கு (ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் பாலம்) தனியாக ஒரு வளையும் பச்சை வயர் இழுக்க வேண்டும். பிளக்கை உருவிவிட்டு, அதன் எர்த் பின்னுக்கும் கேன்ட்ரிக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 1 ஓமுக்குக் கீழே வந்தால் சரி.

4. டிசி மைனஸ்

ஒரு டிரைவரிலிருந்து அடுத்த டிரைவருக்குக் கோத்துக்கொண்டே போகாதீர்கள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி பைப் போவது போல, எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் வைத்த பஸ்பாரிலிருந்து (பல வயர்களை ஒன்றாக முடுக்கும் உலோகப் பட்டை) ஒவ்வொரு டிரைவருக்கும் தனி பிளஸ், தனி மைனஸ், 1 சதுர மில்லிமீட்டர் வயரில். வெறும் 0.1 ஓம் உள்ள பொது வயரில் 6 ஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட் இறங்கும். டிரைவர்களுக்குக் கட்டளை கொடுக்கும் ஆர்டுயினோ போர்டும் அதே வயரில் இருந்தால் அதன் "பூஜ்யம்" அந்த அளவுக்கு ஆடும்.

இந்த மைனஸை எர்த்தோடு ஒரே ஓர் இடத்தில், பஸ்பாரில் சேருங்கள். இரண்டாவது இடம் வேண்டாம்.

டிபி6600 போன்ற டிரைவரில் சிக்னல் பக்கம் ஆப்டோ இருக்கிறது, அது சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும். யூஎஸ்பியிலிருந்து ஓடும் ஆர்டுயினோவின் கிரவுண்டை 24 வோல்ட் மைனஸோடு சேர்க்கத் தேவையில்லை. ஏ4988 டிரைவர் வைத்த சிஎன்சி ஷீல்டில் (ஆர்டுயினோ மேல் செருகும் போர்டு) அந்தப் பிரிவு கிடையாது, இரண்டும் சேர்ந்தே ஆக வேண்டும். ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுற்றும் மோட்டார்) பெரிதென்றால் நான் ஆப்டோ உள்ள முதல் வகையைத்தான் எடுப்பேன்.

5. லிமிட் சுவிட்ச்

என்சி முனையில் (சுவிட்ச் அழுத்தப்படாதபோது மூடியிருக்கும் முனை) இணையுங்கள். வயர் அறுந்தால் உடனே தெரியும். ஷீல்டு கேபிள் போட்டு, அதன் ஷீல்டை (வயரைச் சுற்றியுள்ள உலோக உறை) பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், சுவிட்ச் பக்கம் வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். ஸ்பிண்டில் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். குறுக்கே போகத்தான் வேண்டும் என்றால் செங்குத்தாகப் போகட்டும்.

6. பவர் கொடுப்பது

முதலில் மோட்டார் இல்லாமல் ஆன் செய்து ஒவ்வொரு டிரைவரிலும் 24 வோல்ட் வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். ஆஃப் செய்து, எஸ்எம்பிஎஸ் விளக்கு அணைந்த பிறகு மோட்டாரை இணையுங்கள். ஓடும்போது மோட்டார் கனெக்டரைக் கழற்றினால் டிரைவர் போய்விடும்.

அப்புறம் ஸ்பிண்டிலை ஓட விட்டு, அச்சை நகர்த்திப் பாருங்கள். அலாரம் அடித்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். அலாரம் நின்றுவிட்டால் தொல்லை யூஎஸ்பி வழியாக வருகிறது, நடுவில் ஒரு யூஎஸ்பி ஐசொலேட்டர் (இரண்டு பக்கத்தின் கிரவுண்டையும் பிரித்து, டேட்டாவைக் கடத்தும் சின்ன போர்டு) போடுங்கள். நிற்கவில்லை என்றால் 5-ஆம் படிக்குத் திரும்பி கேபிள் ஷீல்டைப் பாருங்கள், ஆர்டுயினோவின் லிமிட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள்.