‘சரிங்க’ என்று சொல்லும் முன்

“முத்திரைத்தாளில் கையெழுத்தா போட்டோம்? வாய்ப்பேச்சுதானே!” சிறுதொழில் செய்கிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. முதல் தவறும் இதுதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயது நிரம்பி, தெளிந்த புத்தியோடு இருக்கும் இருவர், மிரட்டலோ ஏமாற்றோ இல்லாமல், சட்டம் தடுக்காத ஒரு வேலைக்குக் கைமாறு பேசி ஒத்துக்கொண்டால் போதும், ஒப்பந்தம் ஆகிவிட்டது. நிலக் கிரயம் போன்ற சிலவற்றுக்குத்தான் எழுத்தும் பதிவும் கட்டாயம்.

அதனால்தான் ‘சரி’ சொல்லும் நேரத்தில் அத்தனை கவனம் வேண்டும் என்கிறேன். திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு தையல் யூனிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப் வருகிறது: “1200 பீஸ், பீஸுக்கு 18 ரூபாய், வெள்ளிக்குள்ள வேணும்.” யூனிட்காரர் பதில் போடுகிறார்: “சரிங்ணா, நூல் மட்டும் நீங்க குடுத்துருங்க.” அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்லை. மறுநாள் கட்டிங் பண்டல் வந்து இறங்குகிறது. இவரும் தைக்க உட்கார்ந்துவிடுகிறார். பில் போடும்போது, நூல் காசு யார் தலையில் என்று தகராறு.

சம்மதம் என்றால் சொன்னதை அப்படியே ஏற்பது என்கிறது 7ஆம் பிரிவு. ‘மட்டும்’ ஒட்டிக்கொண்டால் அது சம்மதமில்லை, புதிய முன்மொழிவு. பண்டலை அனுப்பியதே அதை ஏற்றதாகும் என்று யூனிட்காரர் வாதாடலாம். ரேட்டில் நூலும் அடக்கம் என்று கம்பெனி சொல்லலாம். மிஷினை ஓட்டும் முன் “நூல் எங்களோடது” என்று ஒரு வரி வாங்கியிருந்தால் இந்த வழக்கே கிடையாது.

“லேட்டானா பில்லுல பாதி பிடிப்போம்” என்று கம்பெனி எழுதிக் கேட்டால் பயந்து கையெழுத்துப் போடுகிறார்கள். எழுதிய தொகை உச்சவரம்புதான். 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஆனாலும் அவர்கள் பிடித்துக்கொண்ட பணத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன்பே பேசி அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

ஆறு மாதம் ஆன முத்திரைத்தாள் செல்லாது என்பதும் தவறு. அந்தக் கெடு, பயன்படுத்தாத தாளைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெறுவதற்கு. திருவேங்கடப் பிள்ளை – நவநீதம்மாள் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

என்னை அதிகம் வருத்துவது பாக்கி விஷயம். “தரேன்னு சொல்லிருக்காரு” என்று வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். பணம் தரக் கெடு எதுவும் பேசாத கூலி வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வாய்வார்த்தையாகத் தவணை சொன்னால் அந்தக் கெடு நீளாது. 3 வருடம் முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட கடிதம் வாங்கினால், அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். அப்புறம், உத்யம் பதிவுள்ள (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இன்னொரு பிடிமானம் தருகிறது: பணம் தர எழுதிப் பேசிய கெடுவே ஆனாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வட்டி கேட்கலாம். ஆர்டர் எடுக்கும் முன்பே உத்யம் பதிவை முடித்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்து வையுங்கள்.