கடன் நிலுவை இருந்தால் அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

வீட்டுக் கடனோ கார் லோனோ இருக்கிறது என்பதற்காக மட்டும் கிளியரன்ஸ் (அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி) மறுக்கப்படுவதில்லை. கட்டாமல் விட்ட கடனில்தான் சிக்கல். அதிலும் தொகையை விட, அதை அடைக்க என்ன முயற்சி எடுத்தீர்கள் என்பதே முக்கியம். கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூனில் அமலுக்கு வந்த வழிகாட்டு நெறிகளில் பண விவகாரத்துக்கென்றே ‘எஃப்’ பிரிவு இருக்கிறது.

முதலில் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களிலும் கிரெடிட் ரிப்போர்ட் (உங்கள் கடன் வரலாறு) எடுங்கள். இலவசம்தான். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். வசூல் ஏஜென்சி மூன்றுக்குமே தகவல் கொடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. உங்களுடையதல்லாத கணக்கு இருந்தால் எழுத்து மூலம் ஆட்சேபித்து, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கிளியரன்ஸுக்காக நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தின் 26ஆம் பிரிவு பெரும்பாலும் கடந்த 7 ஆண்டுகளைக் கேட்கிறது: 120 நாளுக்கு மேல் தவறிய தவணை, வசூலுக்குப் போன கணக்கு, சார்ஜ் ஆஃப் (வராக்கடன் என்று கடன் கொடுத்தவர் கணக்கில் எழுதிவிட்டது), திவால், வரி பாக்கி. சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடிக்கு அந்த வரம்பு கிடையாது. கட்டி முடித்ததையும் எழுத வேண்டும். கடனை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிப்பது அரிது; தெரிந்தே மறைத்தால் அதே வழிகாட்டு நெறிகளின் ‘இ’ பிரிவில் நேர்மை பற்றிய தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

வேலை போனது, நோய், விவாகரத்து போன்ற காரணங்கள் ஏற்கப்படும். ஆனால் பலர் பாதியோடு நிற்கிறார்கள். நெருக்கடிக்குப் பின் பொறுப்பாக நடந்ததையும் காட்ட வேண்டும்: பட்ஜெட், கடன்காரருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, மாதாமாதம் கட்டிய ரசீது. எல்லாக் கடனையும் ஒரே நேரத்தில் அடைக்கத் தேவையில்லை. நியாயமான திட்டமும், அதன்படி பணம் போனதற்கு வங்கிக் கணக்கு விவரமும் இருந்தால் பேச இடமுண்டு. ‘7 ஆண்டில் ரிப்போர்ட்டிலிருந்து தானாகப் போய்விடும்’ என்று காத்திருப்பது கடனைத் தீர்த்ததாகாது.

குறைந்த தொகைக்கு செட்டில் செய்தால், பணம் அனுப்பும் முன்பே ஒப்பந்தத்தைக் கடிதமாக வாங்குங்கள். தள்ளுபடி 600 டாலரோ அதற்கு மேலோ என்றால் பொதுவாக 1099-சி படிவம் (தள்ளுபடியான கடனை வரித் துறைக்குக் காட்டுவது) வரும். அதை வரிக் கணக்கில் கவனிக்காமல் விட்டால், கடன் போய் வரிப் பிரச்சினை வந்து நிற்கும்.

வரியில் மட்டும் அலட்சியம் கூடாது. கையில் பணமில்லாவிட்டாலும் ரிட்டர்னை நேரத்துக்குத் தாக்கல் செய்து, வரித் துறையிடம் 9465 படிவத்தில் தவணை கேளுங்கள்.

கிளியரன்ஸ் கிடைத்த பிறகும் தொடர் கண்காணிப்பு உண்டு. திவாலானாலோ 120 நாளுக்கு மேல் தவறினாலோ, கணினி எச்சரிக்கும் முன் நீங்களே செக்யூரிட்டி அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவன ஊழியருக்குக் காரண அறிக்கை (கிளியரன்ஸை ஏன் மறுக்க நினைக்கிறார்கள் என்று சொல்லும் கடிதம்) வந்தால், பதிலுக்குப் பொதுவாக 20 நாள் அவகாசம். ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனியே ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுதி, அதற்கான ரசீதையும் இணைக்க வேண்டும். அறிக்கை கைக்கு வந்த பிறகு தொடங்கிய தவணைக்கு மதிப்பு குறைவு.