உயர்தரம் எழுதிவிட்டுத் தொண்டுக்குப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதி வரும்வரை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பல மாதங்கள் கிடைக்கின்றன. சிலர் அந்த நேரத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும் சுகாதார கிளினிக்கிலும் தொண்டு செய்யப் போகிறார்கள். நல்ல விடயம். ஆனால் அங்கே நடக்கிற பிழைகள் பெரும்பாலும் சோம்பலால் வருவதில்லை, அளவுக்கு மிஞ்சிய உற்சாகத்தால் வருகின்றன.

கிளினிக்கில் முதலில் அடக்க வேண்டியது வாயை. கோப்பாயிலோ சண்டிலிப்பாயிலோ நீங்கள் நம்பர் துண்டு நீட்டும்போது எதிரே நிற்பது உங்களுக்குப் படிப்பித்த ரீச்சராக இருக்கும், இல்லாவிட்டால் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சியாக இருக்கும். யாருக்குச் சலரோகம், யார் கர்ப்பமாக இருக்கிறார், யார் மனநல கிளினிக்குக்கு வந்து போகிறார் எல்லாம் கண்ணில் படும். வீட்டுக்குப் போய் "அம்மாட்ட மட்டும்தான் சொன்னனான்" என்றாலும் சொன்னது சொன்னதுதான். அம்மா அக்கறையோடு கோயில் வீதியில் "இப்ப சுகமோ?" என்று கேட்டுவிட்டால் போதும், அந்தப் பெண் அடுத்த மாதம் கிளினிக் பக்கம் வரமாட்டார். கலியாணப் பேச்சு நடக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். கிளினிக் கொப்பியை மேசையில் விரித்து வைப்பதும், நோயின் பெயரைச் சொல்லி ஆளைக் கூப்பிடுவதும் இதே பிழைதான்.

அடுத்தது அவசரம். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த ஐயாவை உடனே பிறஷர் பார்க்க அனுப்பினால் அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடமாவது இருக்க விடுங்கள். வெறும் வயிற்றில் சீனி பார்க்க வருகிறவர்களிடம் "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், விடிய ஒரு பால் தேத்தண்ணி குடித்திருப்பார்கள். தேத்தண்ணியை இங்கே யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள்? "காலமை எழும்பினதிலயிருந்து என்ன குடிச்சனீங்கள்?" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

பயோ படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. அளவைப் பார்த்ததும் விளக்கம் சொல்ல நாக்குத் துடிக்கும். "தம்பி, இந்தக் குளிசையை விடலாமோ?" என்று ஒரு அம்மா கேட்டால் விடை ஒன்றுதான்: "டொக்டரிட்ட கேளுங்கோ அம்மா, நான் கூட்டிக்கொண்டு போறன்." மாரி மழையோடு டெங்கு கூடுகிற காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலிக்குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. உங்கள் பையில் இருக்கிற குளிசையை எடுத்து நீட்டாதீர்கள்.

நிறை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் பங்கிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். அதற்காகத் தாயைக் கண்டிக்க நீங்கள் யார்? குடும்பநல உத்தியோகத்தரிடம் (மருத்துவிச்சியிடம்) தனியாகச் சொல்லுங்கள். அந்த வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். முதலில் அதிபரின் அனுமதி, பிறகு வகுப்பாசிரியரோடு ஒரு பேச்சு. இது இல்லாமல் நேரே பிள்ளைகளிடம் போகக்கூடாது. யாழ்ப்பாணத்தில் படிப்பித்தல் என்றாலே ரியூசன்தான் நினைவுக்கு வருகிறது. தொண்டுக்குப் போகிறவர்களும் கையோடு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் கட்டைக் கொண்டு போகிறார்கள். பின்வாங்கில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத தரம் 4 பிள்ளை ஒன்று இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு வினாத்தாள் செய்விக்க ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள், அந்தப் பின்வாங்குப் பிள்ளையோடு குந்தியிருந்து வாசிக்கத்தான் ஆளில்லை. உங்கள் இடம் அங்கேதான். எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள்.

பள்ளிக்கூடம் 1.30க்கு விடும்போது பிள்ளைகளுக்குப் பசி. அந்த நேரத்தில் வகுப்பை இழுத்தால் ஒன்றும் ஏறாது. தீவகப் பக்கமென்றால் பஸ்ஸையும் விட்டுவிடுவார்கள். நேரத்தை ஆசிரியரோடு பேசித் தீர்மானியுங்கள்.

பிள்ளைகளோடு படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். பெற்றோரின் சம்மதம் இல்லாவிட்டால் எடுக்கவே வேண்டாம். சான்றிதழை முதல் கிழமையே கேட்பதும் அழகில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்த கையோடு சொல்லாமல் காணாமல் போவது எல்லாரும் விடுகிற பிழை. கிழமையில் ஐந்து நாள் வருவேன் என்று தொடங்கி மூன்றாம் கிழமை நின்றுவிடுவதைவிட, செவ்வாய் மட்டும் வருவேன் என்று சொல்லி ஒவ்வொரு செவ்வாயும் போவது எவ்வளவோ மேல். போகிற திகதி தெரிந்ததும் ஆசிரியருக்கும் கிளினிக்குக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்தப் பிள்ளை எந்தப் பாடம் வரை வாசிக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். கிளினிக்குக்கும் வேலை முறையை எழுதி வைக்கலாம்: எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், நம்பர் துண்டு எங்கே இருக்கிறது, தராசைப் பூச்சியத்துக்கு எப்படிக் கொண்டு வருவது. அதில் நோயாளிகளின் பெயர் ஒன்றும் இருக்கக்கூடாது.