பல் கிளிப்பைக் கழற்றும்போது எனாமலைக் காக்கும் முறை

பல்லின் வெளியுறையான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்புகளால் ஆனது. ஆனால் அதை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துவிடுவதால், ஒருமுறை பெயர்ந்துபோன எனாமல் மீண்டும் வளர்வதில்லை. கிளிப்பைக் கழற்றும் நாளில் மருத்துவரும் நோயாளியும் ஒருசேர நினைவில் வைக்க வேண்டிய செய்தி இதுவே.

கிளிப்பின் கம்பியைத் தாங்குவதற்காகப் பல்லில் ஒட்டும் சிறு துண்டுதான் பிராக்கெட். அதை ஒட்டுவதற்கு முன் பொதுவாக 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் பூசி, பல்லின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்குகிறார்கள். பசை அந்தத் துளைகளுக்குள் இறங்கி இறுகிவிடுகிறது. எனவே அது பல்லின் மேல் வெறுமனே அமர்ந்திருக்கவில்லை, உள்ளே வேர்விட்டிருக்கிறது. அதை இழுத்துப் பெயர்த்தால் எனாமலும் சேர்ந்து வரக்கூடும். சிகிச்சை அளித்த மருத்துவர் வெளியூரில் இருக்கிறார் என்பதற்காக வீட்டில் குறடு கொண்டு கழற்ற முயல்வது இதனால்தான் மிக ஆபத்தானது. வேறொரு பல் சீரமைப்பு மருத்துவரிடம் சென்று கழற்றிக்கொள்ளலாம்.

கழற்றுவதற்கு முன்பே, விரிசல் விட்ட பல், பெரிய அடைப்பு, வேர் சிகிச்சை செய்த பல், பீங்கான் உறை ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உலோகப் பிராக்கெட் என்றால், அதற்கென உள்ள இடுக்கியால் அதன் சிறகுகளை மெல்ல நெருக்குவார்கள். அடித்தகடு வளைந்து பசையிலிருந்து விடுபடும். பல் நிறத்தில் உள்ள பீங்கான் பிராக்கெட் வளையாது. அழுத்தம் நேராக எனாமலுக்கே செல்லும் வாய்ப்பு அதில் கூடுதல் என்பதால், தயாரிப்பாளர் பரிந்துரைத்த கருவியையும் முறையையும் கொண்டே அதைக் கழற்ற வேண்டும்.

பிராக்கெட் கழன்று வந்த பிறகு பல்லின் மேல் கரடுமுரடாகப் பசை எஞ்சியிருப்பதைக் கண்டு பலர் கலங்குகிறார்கள். உண்மையில் அது நல்ல அறிகுறி. பசை முழுவதும் பல்லிலேயே தங்கி, பிராக்கெட்டின் அடியில் உள்ள வலைப்பின்னலின் அச்சு அதன் மீது தெளிவாகப் பதிந்திருந்தால், பிரிவு பிராக்கெட்டுக்கும் பசைக்கும் இடையே நிகழ்ந்திருக்கிறது, எனாமலை அது தொடவில்லை என்று பொருள்.

மிகுந்த பொறுமை தேவைப்படுவது அந்தப் பசையை நீக்கும்போதுதான். குறைந்த வேகத்தில் சுழலும் கருவியில் பொருத்திய டங்ஸ்டன் கார்பைடு முனையைக் கொண்டு அதைப் படிப்படியாகச் சீவ வேண்டும். வைரத்தூள் முனை எனாமலில் ஆழமான கீறல்களை விட்டுச் செல்லும் என்பதால் அது இதற்கு ஏற்றதன்று. பசையின் நிறமும் பல்லின் நிறமும் ஒன்றுபோல் இருப்பதால், ஈரம் இருக்கும்வரை எல்லை தெரியாது. காற்றை ஊதி உலர்த்தினால் எஞ்சிய பசை மங்கலான திட்டாகத் துலங்கும். அவ்வப்போது உலர்த்திப் பார்ப்பதும், சூடு பல்லின் உட்கூழை எட்டாதபடி குளிர்விப்பதும், இறுதியில் மென்மையான வட்டுகளால் மெருகேற்றுவதும் நேரம் பிடிக்கும் வேலைகள். ஆகவே அந்த நாளில் மருத்துவரை அவசரப்படுத்தாதீர்கள். வீடு திரும்பிய சில நாள்களில் நாவுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டாலோ, ஓரிடத்தில் மட்டும் காபிக் கறை படிந்தாலோ, நகத்தால் சுரண்டாமல் மீண்டும் சென்று காட்டுங்கள்.

பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகள் தெரிந்தால், அங்கே அழுக்குப் படலத்தின் அமிலத்தால் எனாமல் தாதுக்களை இழந்திருக்கிறது. அவற்றை உடனே வெளுக்கச் செய்ய முயல வேண்டாம். 1000 முதல் 1450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஃபுளோரைடு உள்ள பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, நீரால் கொப்பளிக்காமல் விட்டால், உமிழ்நீரின் துணையோடு முதல் சில மாதங்களில் பல திட்டுகள் மங்கும். முன்பற்களில் எடுத்த எடுப்பில் அடர்த்தியான ஃபுளோரைடு பூசினால் மேற்பரப்பு மட்டும் விரைவாக மூடிக்கொண்டு, உள்ளே திட்டு அப்படியே நிலைத்துவிடக்கூடும் என்பதால், அம்முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். திட்டு குழிவிழுந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. பால் புரதத்திலிருந்து தயாரித்த பற்கூழைப் பரிந்துரைத்தால், பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

புதிதாக வெளிப்பட்ட அந்தப் பரப்பின் மேல் கரித்தூள், சாம்பல், உப்பு ஆகியவற்றைத் தேய்ப்பது அதை அரிக்கவே செய்யும். எலுமிச்சைச் சாறோ சோடாவோ குடித்தால், உடனே துலக்காமல் அரைமணி நேரமாவது பொறுங்கள். பற்கள் பழைய இடத்துக்கு நகராமலிருக்கக் கிளிப்புக்குப் பின் அணியும் ரிடெய்னர் வாயில் இருக்கும்போது தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்க வேண்டாம். இனிப்புப் பானம் அதற்குள் தேங்கினால், உமிழ்நீரால் அதைக் கழுவ இயலாது. ரிடெய்னரையும் நாள்தோறும் சாதாரண நீரிலேயே கழுவுங்கள், வெந்நீரில் அது வளைந்துவிடும்.