ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பும்போது

பேத்தி பிறந்த சமயம் நியூஜெர்சிக்குப் போய், அனுமதித்த ஆறு மாதத்தையும் முழுசாக இருந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பினோம். கிளம்பும்போது என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று மகள் பட்டியலே அனுப்பியிருந்தாள். திரும்பி வந்தபின் எதைச் செய்யக்கூடாது என்றுதான் யாரும் சொல்லவில்லை.

முதல் தவறு, வந்த அன்றே மோட்டார் ஸ்விட்சைத் தட்டியது. ஆறு மாதம் ஓடாத பம்பு, உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது. உறுமல் சத்தம் மட்டும் வந்தது, தண்ணீர் ஏறவில்லை. ஏறும்போது ஏறட்டும் என்று பெட்டிகளைப் பிரிக்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை, காயில் போச்சு. உறுமல் மட்டும் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டுமாம். கரண்டை நிறுத்திவிட்டு, பின்பக்க விசிறியைக் கையால் நாலு சுற்றுச் சுற்றினாலே பல பம்புகள் இளகிவிடும் என்று ரீவைண்டிங் கடைக்காரர் சொன்னார், காசை வாங்கிக்கொண்டு. மேல்தொட்டியில் தேங்கிய தண்ணீரையும் அப்படியே புழங்கக்கூடாது. திறந்துவிட்டுக் கழுவிய பிறகுதான். அடுப்பைப் பற்றவைக்கும் முன் கேஸ் டியூபை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் எவ்வளவு இருக்கிறது என்பதையும்.

அப்புறம் தூக்கம். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். உடம்பின் கடிகாரம் நாளைக்குச் சுமாராக ஒரு மணி நேரம்தான் நகரும். அதாவது பத்து நாளைக்குப் பொறுமை வேண்டும். எங்களுக்கு அது இல்லை. மதியம் கண் சொக்கும். கொஞ்சம் சாயலாம் என்று படுத்தால் எழும்போது மணி எட்டு. இரவு இரண்டு மணிக்கு உப்புமா கிளறிக்கொண்டிருந்தோம். மதியத் தூக்கத்தை அரை மணியில் முடிக்க அலாரம் வையுங்கள். பகலில் திரையைப் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடக்காமல் வெளிச்சத்தில் நடமாடுங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் மாத்திரையில். விமானத்தில் எது காலை, எது ராத்திரி? என் மனைவி சர்க்கரை மாத்திரையை ஒரே வேளைக்கு இரண்டு தரம் போட்டுவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பயண நாளுக்கு எப்படிப் போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது, இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயமாக. வந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் பிரயாண அலுப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சிம் கார்டை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போனது என் தனி முட்டாள்தனம். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண்ணைத் துண்டித்துவிடலாம். பேங்கு, கேஸ் புக்கிங், ஆதார் எல்லாம் அந்த எண்ணில்தான். ஓடிபி வராமல் பத்து நாள் அலைந்தேன். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பர் மாத ஆயுள் சான்றையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 'அங்கெல்லாம் ஹாரனே அடிக்க மாட்டான்' என்று டீக்கடையில் நான் ஆரம்பித்ததற்கு ஊர்க்காரர்கள் சிரித்ததோடு விட்டுவிட்டார்கள். அது போகட்டும். சாமானை இறக்கிய கையோடு, தெருவில் யார் போனார்கள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஒருவரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நாலாம் நாள் சாக்லேட் பையோடு எதிர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணன் எங்கம்மா, காணோம்?"

மருமகள் பதில் சொல்லாமல் விலகி நின்றாள். அவள் பின்னால் சுவரில் அண்ணன் படம், பிளாஸ்டிக் மாலை, சின்ன சிவப்பு பல்பு. "ஊர்ல இல்லாதவங்களை எதுக்குக் கலங்கடிக்கணும்னு அத்தைதான் சொல்ல வேண்டாம்னாங்க" என்றாள்.