பாக்கிப் பணத்துக்கு வணிக நீதிமன்றம் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வக்காலத்தில் கையெழுத்து விட்டுப்போவது, பக்க எண் போடாதது, கோர்ட் ஃபீஸ் ரசீதில் பெயர் மாறிப்போவது, இதற்கெல்லாம் பிராதை, அதாவது வழக்கு மனுவை, கோர்ட் திருப்பிக் கொடுத்தால் மறுநாளே சரிசெய்து கொடுத்துவிடலாம். அவற்றை விட்டுவிடுகிறேன். 2018-ல் வணிக வழக்கின் குறைந்தபட்ச மதிப்பு வரம்பு ஒரு கோடியிலிருந்து 3 லட்சத்துக்கு இறங்கியதிலிருந்து நூல் வியாபாரி, ஹார்டுவேர் கடைக்காரர், பிரிண்டிங் பிரஸ் வைத்திருப்பவர் என்று எல்லாரும் இங்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வழக்குப் போடும் ஜூனியர் வக்கீல்களில் பலர் இன்னும் சாதாரண உரிமையியல் வழக்குகள் நடக்கும் முன்சீப் கோர்ட் பழக்கத்திலேயே பிராது எழுதுகிறார்கள். ஆரம்பத்தில் நாங்களும் அப்படித்தான் எழுதினோம், அதனால்தான் பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது.

அசலை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பது

அசல் 2,70,000 தானே, வணிக நீதிமன்றம் எதற்கு என்று வேறு கோர்ட்டில் போட்டுவிடுகிறார்கள். வழக்குப் போடும் தேதி வரைக்குமான வட்டியையும் சேர்த்துத்தான் மதிப்பு பார்க்க வேண்டும் என்று வணிக நீதிமன்றச் சட்டம் 12-ஆம் பிரிவு சொல்கிறது. வட்டி 48,000 என்றால் மொத்தம் 3,18,000, வரம்பைத் தாண்டியாகிவிட்டது. பிராது திரும்பி வரும், அதற்குள் சில மாதங்கள் போயிருக்கும்.

கோர்ட் கட்டணமும் அந்த மொத்தத் தொகைக்குத்தான். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு முன்பு 7.5 சதவீதம் இருந்தது, 2017-ல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். மேலே சொன்ன கணக்குக்கு 9,540 ரூபாய் வரும். பில்லின் அடியில் பொடி எழுத்தில் 24 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது என்பதற்காக அந்த வட்டியை அப்படியே போட்டுக் கேட்காதீர்கள். கிடைக்காத வட்டிக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டுவது உங்கள் கட்சிக்காரர்தான். என்ன விகிதம், எந்தத் தேதியிலிருந்து, ஒப்பந்தப்படியா சட்டப்படியா என்பதையும் பிராதிலேயே சொல்லிவிட வேண்டும்.

அவசரம் என்று சொல்லிச் சமரசத்தைத் தாண்டுவது

வழக்குக்கு முன் சமரசம் கட்டாயம் (12-ஏ பிரிவு). உண்மையிலேயே அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்பட்டால் மட்டும் விலக்கு. 2022-ல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சமரசத்துக்குப் போகாமல் வந்த பிராதை நிராகரிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்புறமும் சிலர் ஒப்புக்கு ஒரு தடை மனுவை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அடுத்த வருஷமே யாமினி மனோகர் வழக்கில் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள்: அவசரம் நிஜமா, வேஷமா என்று நீதிமன்றம் பார்க்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் படிவம் 1, கூடவே ஆயிரம் ரூபாய், விண்ணப்பிக்க அவ்வளவுதான் செலவு. எதிராளி வரவில்லை என்றால் அறிக்கை கொடுத்துவிடுவார்கள், அதை இணைத்து வழக்குப் போடலாம்.

ஆவணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

என்னால் இன்னமும் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். சாதாரண உரிமையியல் வழக்கில் பில்லையும் நோட்டீஸையும் வைத்துப் பிராதைப் போட்டு நம்பர் வாங்கிவிட்டு, சாட்சி விசாரணை வரும்போது மிச்சத்தை ஒரு மனுவோடு தாக்கல் செய்து பழகிவிட்டோம். வணிக வழக்கில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 11 வேறு மாதிரி. உங்களிடம் இருக்கிற, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிற, வழக்கு சம்பந்தப்பட்ட அத்தனை ஆவணமும் பிராதோடு வர வேண்டும், அது உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் சரி, பாதகமாக இருந்தாலும் சரி. அசலா நகலா, யார் எழுதியது, யார் கையில் இருந்தது என்றெல்லாம் பட்டியலிலேயே குறிப்பிட வேண்டும். போதாததற்கு, இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது என்று கட்சிக்காரர் பிரமாணம் வேறு செய்கிறார்.

கோவைப் பக்கத்து நூல் வியாபாரி ஒருவர். 40 மூட்டை அனுப்பியிருந்தார், பணம் வரவில்லை. அவருக்கு வழக்குப் போட்ட ஜூனியர் பில், லெட்ஜர், வக்கீல் நோட்டீஸ் மூன்றை மட்டும் வைத்தார். எதிராளி ஒரே வரியில் பதில் சொன்னார்: சரக்கே வரவில்லை. அதற்குப் பிறகுதான் வியாபாரி பீரோவிலிருந்து லாரி ரசீதை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். பின்பக்கத்தில் குடோன்காரர் பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்திருந்தார்: "40 வந்தது, 2 நனைந்துள்ளது." ஏன் இதை முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டேன். "நனைஞ்சதுன்னு எழுதியிருக்கே சார், நமக்கு எதிராப் போயிடுமேன்னு விட்டுட்டேன்" என்றார். இரண்டு மூட்டைக்குப் பயந்து, 40 மூட்டையும் போய்ச் சேர்ந்ததற்கு இருந்த ஒரே சாட்சியைப் பூட்டி வைத்திருக்கிறார்! அனுமதி கேட்டு மனுப் போட்டோம். பிராது போட்ட அன்று இது யாரிடம் இருந்தது என்று நீதிபதி கேட்டார். வாதியிடம்தான் என்று சொல்வதைத் தவிர வேறு வழி? நியாயமான காரணம் காட்டவில்லை என்று மனு தள்ளுபடியானது. கடைசியில் பாதிக்கும் குறைவான தொகைக்கு ராஜியாகப் போனார்.

அவசரமாகத் தாக்கல் செய்யும் வழக்கில் கூடுதல் ஆவணத்துக்கு 30 நாள் இருக்கிறது என்பதைச் சிலர் எல்லா வழக்குக்கும் பொதுச் சலுகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் பிராதிலேயே அனுமதி கேட்டிருக்க வேண்டும். பிராது போட்ட பிறகு புதிதாகக் கைக்கு வந்த ஆவணம் என்றால் கதை வேறு, அதற்கு இந்தக் கெடுபிடி பொருந்தாது என்று 2021-ல் சுதீர் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பீரோவில் இருந்தது புதிதாகக் கிடைத்தது ஆகாது.

ஆகவே ஜூனியர்களே, கட்சிக்காரர் கொண்டுவரும் கவரை நம்பி எழுத உட்காராதீர்கள். அவர் கடைக்குப் போங்கள். கணக்குப்பிள்ளையிடம் பேசுங்கள், டெலிவரி சலான் கட்டு, இ-வே பில், திரும்பி வந்த சரக்குக்குப் போட்ட கிரெடிட் நோட்டு எல்லாவற்றையும் கேளுங்கள். "உங்களுக்கு எதிராகப் போகும் என்று எதை எடுத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள், பெரும்பாலும் பதில் வரும்.

வாட்ஸ்அப்பை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைப்பது

2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி, இரண்டாவது நிபுணர் கொடுப்பது. ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் கேட்கும். வழக்கு முடியும்வரை அந்த போனை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

பிராதோடு வைக்கும் உண்மை உறுதிமொழியில் கோடிட்ட இடத்தை விட்டுவிடுவது

நிரப்புங்கள்.

நோட்டீஸ் அனுப்பினால் லிமிடேஷன் (வழக்குப் போடும் காலக்கெடு) நிற்கும் என்று நம்புவது

நிற்காது. சமரசத்தில் போகும் காலம் மட்டும்தான் அந்தக் கணக்கில் சேராது.

கட்டண ரசீதைத் தொலைப்பது

வழக்கு ராஜியானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று 2021-ல் எம்.சி. சுப்ரமணியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கொடுக்க வேண்டாம் என்று மேல்முறையீடு போனது சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமே. ராஜி மனுவிலேயே திரும்பத் தரும்படி ஒரு வரி எழுதுங்கள். ஆன்லைனில் கட்டியிருந்தால் ரசீதை அன்றைக்கே பிரிண்ட் எடுத்து வழக்குக் கட்டுக்குள் வையுங்கள், கட்டியது யார் போனிலிருந்து என்று அப்புறம் தேடிக்கொண்டிருக்க முடியாது.